டீவி இல்லாத வீட்டுக்கு டீவி காசு: ராயபுரத்திலிருந்து ஹாம்பர்க் போன ஒரு குடும்பத்தின் வரிக் கணக்கு

2024 அக்டோபரில் ஒரு மதியம், காசிமேட்டில் பல வருஷம் மீன் விற்ற அக்கா ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கல்மண்டபம் பக்கம் சின்ன இடம்தான். வீட்டு வரி, வருமான வரி, பென்ஷன் பேப்பர் என்று அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அக்கா உட்காரக்கூட இல்லை. போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு ஜெர்மன் கடிதத்தின் போட்டோ.

"தம்பி, எம்புள்ள வூட்டுல டீவியே கிடையாது. டீவிக்குக் காசு கட்டலன்னு லெட்டர் போட்டுக்கீறாங்க. ஜெயில்ல போட்ருவாங்களா?"

கடிதத்தில் இருந்த தொகை 228.32 யூரோ. அன்றைய மதிப்பில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். மகன் ஹாம்பர்க்கில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் மென்பொருள் வேலை பார்க்கிறார். போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மருமகள் அப்போது இன்னும் ராயபுரத்தில்தான். அடுத்த மாதம் கிளம்ப இருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் அந்தக் குடும்பத்தின் கடிதங்களை நானும் கூடவே படித்தேன். ஜெர்மன் சட்டம் என் தொழில் இல்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் அங்கே இருக்கும் வரி உதவிச் சங்கத்திலும் வாடகைதாரர் சங்கத்திலும் மகனே கேட்டு உறுதி செய்துகொண்டார். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன். எழுத ஒரே காரணம்தான். வெளிநாட்டுக்குப் போகும் நம் பிள்ளைகள் சம்பளத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பிடித்தம் எதன் மேல் விழுகிறது, எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கேட்பதில்லை. இந்தக் குடும்பம் பட்ட கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் கடிதம்

ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோனதும் 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். "அன்மெல்டுங்" என்பார்கள். பதிவானதும் அந்தத் தகவல் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வசூலிக்கும் மையத்துக்குப் போய்விடும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், டீவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகை. 2013க்கு முன்னால் கருவியை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அப்புறம் வீட்டுக்கு இவ்வளவு என்று மாற்றிவிட்டார்கள். 2018இல் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமும் இந்த முறை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரே ஆள் இரண்டாவது வீட்டுக்கும் கட்ட வேண்டும் என்றிருந்ததை மட்டும்தான் தப்பு என்றது.

மகனுக்கு இது எதுவும் தெரியாது. கடிதம் வந்தபோது போனில் மொழிபெயர்ப்பு போட்டுப் பார்த்திருக்கிறார். அனுப்பியவர் பெயர் "பைட்ராக்ஸ்-செர்விஸ்". அது தமிழில் "பங்களிப்புச் சேவை" என்று வந்திருக்கிறது. பங்களிப்பு என்றால் நமக்கு என்ன தோன்றும்? விருப்பப்பட்டவர் கொடுப்பது. ஏதோ நன்கொடை கேட்கிறார்கள் என்று நினைத்து மூன்று கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். நாலாவதாக வந்ததுதான் அக்கா காட்டியது. அது நினைவூட்டல் இல்லை, உத்தரவு. ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். விட்டுவிட்டால் வசூல் நடவடிக்கைக்குப் போகும்.

இந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் மூன்று சொல்லைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். "ஸ்டாயர்" என்றால் வரி. அதற்கு நேரடிப் பலன் எதையும் எதிர்பார்க்க முடியாது. "கெபூர்" என்றால் கட்டணம், ஒரு சேவையைப் பெற்றதற்கு. "பைட்ராக்" என்றால், பயன்படுத்தும் வாய்ப்பு உனக்கு இருக்கிறது, நீ பயன்படுத்தினாலும் சரி, விட்டாலும் சரி, அதற்கான பங்கு. டீவி இல்லை என்ற வாதம் அதனால்தான் அங்கே எடுபடாது.

அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவரிடமே இருந்த மெட்ரோ வாட்டர் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். அதில் வரி என்று ஒன்று, கட்டணம் என்று ஒன்று, தனித்தனியாக இருக்கும். 2019 கோடையில் தெருக்குழாய் காய்ந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினார்களே, அந்த அரையாண்டுக்கும் வரி உண்டு. வீட்டின் மதிப்பை வைத்துப் போடுவது அது. தண்ணீர் வந்ததா இல்லையா என்று பார்த்துப் போடுவது இல்லை. அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதே மாதிரிதானா இது?" என்றார். கிட்டத்தட்ட அதே மாதிரிதான். பயம் அந்த நிமிஷத்தில் பாதி குறைந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தொகையைச் சரிபார்த்தோம். 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை 12 மாதம், 220.32 யூரோ. தாமதத்துக்கு 8 யூரோ. ஆனால் முதல் மூன்று மாதம் மகன் வேறு இருவரோடு ஒரே வீட்டில் பகிர்ந்து இருந்தார். அந்த வீட்டுக்கு அறைத்தோழர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். தோழரின் கட்டண எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபம் எழுதினார். 55.08 யூரோ கழிந்தது. மிச்சம் 173.24ஐக் கட்டி முடித்தார். முதல் கடிதத்துக்கே பதில் போட்டிருந்தால் அந்த 8 யூரோவும் இல்லை, அம்மாவுக்கு அந்த ஒரு வாரத் தூக்கமும் கெட்டிருக்காது.

கோயில் வரி

அடுத்தது, என்னைக் கேட்டால், இந்தக் கணக்கிலேயே கனமான விஷயம். பணத்தால் அல்ல.

ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கோயில் என்றால் இவர்களுக்கு ராயப்பர் கோயில். மகன் பதிவு அலுவலகத்தில் மதம் என்ற கட்டத்தில் "ரோமன் கத்தோலிக்கர்" என்று எழுதியிருக்கிறார். உண்மையைத்தானே எழுதுவோம். சம்பளச் சீட்டில் மூலையில் "ஆர்கே" என்று இரண்டு எழுத்து வந்தது. கூடவே ஒரு பிடித்தம். கிர்ஷன்ஸ்டாயர், அதாவது திருச்சபை வரி. ஜெர்மனியில் திருச்சபைக்கு அதன் உறுப்பினர்களிடமிருந்து அரசே வரி பிடித்துக் கொடுக்கிறது. ஜெர்மனியின் பழைய அரசியல் சாசனமான 1919 வைமார் சாசனத்தில் இருந்த அந்த உரிமையை, இன்றைய சாசனமான 1949 அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9. ஹாம்பர்க்கில் 9.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டி. 9 சதவீதம் என்று மகன் சொன்னதும் காலண்டர் தாளின் பின்னால் போட்டுப் பார்த்திருக்கிறார். சம்பளம் 4,200 யூரோ, அதில் 9 சதவீதம் 378. மாதம் முப்பத்தி நாலாயிரம் ரூபாய் கோயிலுக்கா என்று வீட்டில் பெரிய பேச்சு. மகனோடு வேலை செய்யும் ஒருவர், "திருச்சபையிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடு, பிடித்தம் நின்றுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். மகனும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார்.

சம்பளச் சீட்டை அனுப்பச் சொன்னேன். 9 சதவீதம் சம்பளத்தின் மேல் இல்லை, வருமான வரியின் மேல். அவருக்கு மாத வருமான வரி 600 யூரோவை ஒட்டி. அதில் 9 சதவீதம் சுமார் 54 யூரோ. 378க்கும் 54க்கும் எவ்வளவு தூரம்! சதவீதம் ஒன்றேதான். எதன் மேல் என்பதுதான் மாறியது. ஒரு குடும்பம் இந்த ஒரு தப்புக் கணக்கால், ஞானஸ்நானம் வாங்கிய திருச்சபையையே விடுகிற வரைக்கும் பேசிவிட்டது. இன்னொன்று, கட்டிய திருச்சபை வரியை வருஷக் கடைசியில் வருமானத்தில் கழித்துக் காட்டலாம். அதனால் உண்மையான பாரம் அந்த 54ஐவிடக் குறைவு.

விலகுவது சட்டப்படி எளிது. ஆனால் 2012இல் ஜெர்மன் ஆயர்கள் போட்ட ஆணையில், அப்படி விலகியவர் நற்கருணை வாங்க முடியாது, குழந்தையின் ஞானஸ்நானத்தில் அதற்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையாக நிற்க முடியாது என்று இருக்கிறது. இதை நான் சொன்னபோது அக்கா வெகுநேரம் பேசவில்லை. அக்காவின் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளைக்கு மாமன்தான் ஞானத்தந்தை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

விலகு என்றோ இரு என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவரவர் மனசாட்சி. பணம் எவ்வளவு, விலகினால் என்ன போகும், இரண்டையும் சரியாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அக்காதான் அதை ஒரு வார்த்தையில் தீர்த்தார். "எங்க ஆயா காலத்துல படகு வந்தா கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்து வெச்சிட்டுதான் மிச்சத்த பிரிப்பாங்க. அத அங்க கெவர்மென்ட்டு எடுத்து வெக்கிது." நம் கடலோரக் குப்பங்களில் படகுக்கு இவ்வளவு என்று ஊருக்கும் கோயிலுக்கும் எடுத்து வைப்பது இன்றைக்கும் உண்டு. வியாபாரிகள் மகமை என்று எடுத்து வைத்ததும் இதே வழிதான். மகன் விலகவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவு அலுவலகத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கட்டுவது வேறு, தெரிந்து கட்டுவது வேறு.

கல்யாணமானவருக்கு ஒண்டிக்கட்டை வரி

அங்கே மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை வரி வகுப்பு எண்தான் முடிவு செய்யும். மகனுக்கு 1ஆம் வகுப்பு போட்டிருந்தார்கள். அது தனி ஆளுக்கானது. கல்யாணமானவருக்கு ஏன் அது என்று அவருக்குக் கோபம். அது பிழை இல்லை. மனைவி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருக்கும்வரை அப்படித்தான். மருமகள் 2024 நவம்பரில் போய்ப் பதிவு செய்ததும் இருவருக்கும் வகுப்பு நாலு வந்தது. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு என்பதால், சம்பாதிப்பவருக்குப் பிடித்தம் குறைவான மூன்றும் மற்றவருக்கு ஐந்துமாக மாற்ற விண்ணப்பித்தார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதற்குள் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாளாவது கணவனும் மனைவியும் இரண்டு பேரும் ஜெர்மனியில் குடியிருப்பவர்களாகச் சேர்ந்து இருந்தால், அந்த முழு வருஷத்துக்கும் சேர்த்து வரிக் கணக்குக் கொடுக்கலாம். இரண்டு பேர் வருமானத்தையும் கூட்டி, பாதியாக்கி, அந்தப் பாதிக்கு வரி பார்த்து, இரட்டிப்பாக்குவார்கள். மருமகள் நவம்பர் வரை இங்கே ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை. ஆனால் எந்த விகிதம் என்று பார்க்க அதையும் சேர்த்துக்கொள்வார்கள். மறைக்காமல் காட்டினார்கள். அப்படியும் மூவாயிரம் யூரோவுக்கு மேல் திரும்பி வந்தது. கணக்குக் கொடுக்கக் கட்டாயம் இல்லாத வருஷமாக இருந்தாலும் நாலு வருஷம் வரை பின்னோக்கிக் கொடுக்கலாம். அதனால் 2023இன் மூன்று மாதத்துக்கும் ஒன்று கொடுத்தார். அதில் வந்தது சிறு தொகை.

ராயபுரம் பக்கத்து வேலையை நானே முடித்தேன். இங்கிருந்த சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றினோம். வைப்புத்தொகை வட்டிக்கு அதில் சாதாரணமாக 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். ஜெர்மன் வரி அலுவலகத்திடம் குடியிருப்புச் சான்று வாங்கிக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி 10 சதவீதம். அந்த வட்டியை அங்கேயும் காட்ட வேண்டும். ஜெர்மனியில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே சொல்ல வேண்டும்.

ஹீட்டர் குமிழ்

2025 அக்டோபரில் இன்னொரு கடிதம். இந்த முறை வீட்டுக்காரரிடமிருந்து. 2024ஆம் வருஷத்துக்கு 612 யூரோ கூடுதலாகக் கட்டச் சொல்லி.

அங்கே வாடகையில் இரண்டு பேச்சு உண்டு. "குளிர் வாடகை" என்றால் வீட்டுக்கு மட்டும். "சூடான வாடகை" என்றால் ஹீட்டர், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் எல்லாவற்றுக்கும் முன்பணம் சேர்த்தது. இவருக்கு 740ம் 160ம் சேர்ந்து 900. அட்வான்ஸ் குளிர் வாடகையில் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையில் கொடுக்கலாம். பத்து மாத அட்வான்ஸ் பார்த்த நமக்கு இது பெரிய நிம்மதியாகத் தோன்றும். இவர்களுக்கும் தோன்றியது. ஆனால் அந்த 160 முடிந்த கணக்கு இல்லை, தோராயம். வருஷம் முடிந்தபின் உண்மைச் செலவைப் பார்த்து மிச்சத்தைத் திருப்புவார்கள், இல்லை கேட்பார்கள். நம் ஊரில் கரண்ட் பில் ஓடிய யூனிட்டுக்குப் பிறகு வரும். அங்கே முதலில் கட்டி, பிறகு கணக்கு.

பட்டியலைப் படித்த அப்பாவுக்கு முதல் அதிர்ச்சி, அதில் வீட்டு வரியும் இருந்தது. "வாடகைக்கு இருக்கறவன் எதுக்குய்யா வீட்டு வரி கட்டணும்?" 2022இல் சென்னையில் வீட்டு வரியை உயர்த்தியபோது இவர்கள் வீட்டுக்கு, 601 முதல் 1,200 சதுர அடிக்குள் வருவதால், 75 சதவீதம் ஏறியது. மாடியில் குடியிருப்பவரிடம் அதைக் கேட்க மனம் வராமல் தாங்களே கட்டினார்கள். அங்கே அதை வாடகைதாரர் மேல் போடச் சட்டமே இடம் தருகிறது. அதனால் அந்த வரி சரி.

சரியில்லாதது வேறு இரண்டு. நிர்வாகச் செலவு 96 யூரோ, வாசல் கதவு பழுது பார்த்தது 74 யூரோ. நிர்வாகமும் பழுதுபார்ப்பும் வீட்டுக்காரர் செலவு. வாடகைதாரரிடம் வாங்கக் கூடாது. வாடகைதாரர் சங்கத்தில் காட்டி, ரசீதுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார் மகன். ஆட்சேபிக்க 12 மாதம் அவகாசம் உண்டு. கணக்கு அனுப்ப வீட்டுக்காரருக்கும் வருஷம் முடிந்து 12 மாதம்தான் கெடு. இவர் அனுப்பியது கெடுவுக்குள். அந்த இரண்டு செலவும் நீங்கி 442 ஆனது.

மீதியில் பெரும்பகுதி ஹீட்டர். இது ஏன் இவ்வளவு என்று யாருக்கும் புரியவில்லை. வீடியோ காலில் சமையலறையைக் காட்டச் சொன்னேன். சன்னலுக்குக் கீழே வெள்ளை ரேடியேட்டர். ஓரத்தில் ஒரு குமிழ், 1 முதல் 5 வரை எண். குமிழ் 5இல் இருந்தது. சன்னல் மேல்பக்கம் சாய்வாகத் திறந்திருந்தது. அடுப்பில் வஞ்சிரம். மீன் வறுக்கும் வாசனைக்குப் பக்கத்து வீட்டார் ஏதாவது சொல்வார்களோ என்று, குளிர்காலம் முழுக்கச் சன்னலை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

குமிழை நம் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நினைத்திருக்கிறார்கள். 5 வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று. அது வேகம் இல்லை, இலக்கு. 3 என்றால் அறை சுமார் 20 டிகிரி ஆகும்வரை வெந்நீரை விடும், ஆனதும் நிறுத்தும். 5 வைத்தாலும் அதே வேகத்தில்தான் சூடேறும், ஆனால் 20இல் நிறுத்தாமல் இன்னும் மேலே போகும். சன்னல் வழியே வரும் குளிர்காற்று குமிழ் மேல் பட்டால், அறை இன்னும் குளிர்கிறது என்று எண்ணி வால்வு முழுதாகத் திறந்தே கிடக்கும். ஹீட்டர் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை அவரவர் உபயோகத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். மிச்சம் வீட்டின் பரப்பை வைத்து. இவர்கள் வீட்டின் சூடு தெருவுக்குப் போனதற்குத்தான் அந்த பில்.

இப்போது மீன் வறுத்து முடித்ததும் குமிழை மூடிவிட்டு, எல்லாச் சன்னலையும் அகலமாகத் திறந்து, பத்து நிமிஷத்தில் அடைத்துவிடுகிறார்கள். 3க்கு நேராக மருமகள் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருக்கிறார்.

சின்னதாக ஒரு வரி

சம்பளச் சீட்டில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் போக, முதுமையில் பராமரிப்புக்கான காப்பீடு என்று ஒன்று உண்டு. அதில் 23 வயதுக்கு மேல் பிள்ளை இல்லாதவருக்கு 0.6 சதவீதம் கூடுதல். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். மகன் அதை வாய் தவறிச் சொல்லிவிட்டார். மற்ற பிடித்தம் எல்லாவற்றையும் கேள்வி கேட்ட அக்கா, இதை மட்டும் கேட்கவே இல்லை. "அவங்க ஊர்ல அதுக்கும் காசு வாங்கறாங்களா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். முதுமையில் தாங்க அடுத்த தலைமுறையை வளர்ப்பவருக்கும் வளர்க்காதவருக்கும் ஒரே பாரம் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதால் வந்தது அது என்று விளக்கலாம்தான். அன்றைக்கு அதை விளக்க எனக்கு மனம் வரவில்லை.

2025 நவம்பரில் ஹாம்பர்க்கில் பெண் குழந்தை பிறந்தது. ஜனவரியில் அக்கா என் அலுவலகத்துக்கு வந்து, இந்த முறை உட்கார்ந்தார். போனில் புதுச் சம்பளச் சீட்டு. எனக்கு முன்னால் அவரே விரலை வைத்தார். 100.80 இருந்த இடத்தில் 75.60.

"இதுதானே தம்பி அது?"

அதுதான் என்றேன்.